பஸ்ஸில் போன ஸ்டியரிங்

அவர் கையில் ஸ்டியரிங் இருந்தால் எனக்கு நிம்மதி. கை வெறுமையாக இருந்தால்தான் பயம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பலெர்மோவில் பிரான்காச்சோ போகிற பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களில் யாருக்காவது அவரை ஞாபகம் இருக்கலாம். வயது நாற்பத்தைந்து சொல்லலாம். ஒல்லி. சேட்டின் பொத்தான்களை மேல் வரை பூட்டியிருப்பார். மடியில் மரக்கறிக் கடைப் பை ஒன்று இருக்கும்; அதற்குள் மரக்கறி இருக்காது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்புத் தோல் சுற்றிய கார் ஸ்டியரிங் ஒன்று பையைத் துருத்திக்கொண்டு நிற்கும். கார் ஊர்க்கோடியில் சியாகுல்லியில் நிற்க, ஸ்டியரிங் மட்டும் பிரான்காச்சோவுக்குப் பிரயாணம் செய்யும். பக்கத்தில் இருந்த சிசிலிக் கிழவி ஒருத்தி பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு எழும்பிப் போனதை நானே கண்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. பஸ்ஸைத் தானே ஓட்டுகிறவர் மாதிரித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கேயாவது இருந்து இதை வாசித்தால் பெயர் போட்டதற்குத்தான் முதலில் கோபிப்பார். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், ஆனால் மரியாதை குறையாமல் ‘நீர்’ போட்டுத்தான் கதைப்பார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வேலை செய்தோம். சியாகுல்லியில், பிந்திப் பழுக்கிற மண்டரீன் தோடம்பழத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய வில்லா. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற எஞ்சினியர்; அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரை ‘இன்ஜெனியேரே’ என்றே கூப்பிட வேண்டும். எனக்குச் சமையலும் துப்புரவும், பின்பக்க அறையில் தங்கல். அண்ணைக்குத் தோட்ட வேலை. பின்னேரம் பஸ் எடுத்து, பிரான்காச்சோவில் நாலு பேரோடு பகிர்ந்திருந்த அறைக்குப் போய்விடுவார். ஆனால் அவரை இன்ஜெனியேரே பிடித்து வைத்திருந்தது தோட்டத்துக்காக அல்ல. அவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியும் என்பதற்காக.

கராஜில் ஒரு கார், பெட்டி பெட்டியாகக் கிடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தது. வாங்குகிறவரே வீட்டில் வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய பந்தயக் கார். மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, இரண்டு இருக்கை, கதவு இல்லை, கூரை இல்லை. முன்பக்கத்தை இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம், அவ்வளவு பாரக்குறைவு. இன்ஜெனியேரே ஆசைப்பட்டு வாங்கி, ஆங்கிலப் புத்தகம் விளங்காமல் மூன்று வருடம் போட்டு வைத்திருந்தார். அண்ணை புத்தகத்தை வரி வரியாக வாசித்து ஒரு மாரிகாலத்துக்குள் அதைப் பூட்டி முடித்தார். ‘முடித்தார்’ என்று நான் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இந்த மாதிரிக் கார் ஒருநாளும் முடிவதில்லை, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நட்டெல்லாம் இளகியிருக்கும், திரும்பப் பார்க்க வேண்டும் என்பார்.

அந்தக் காரின் ஸ்டியரிங்கைக் கையாலேயே கழற்றலாம். நடுவில் ஒரு வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் கையோடு வந்துவிடும். கராஜில் ஏதாவது ஒரு வேலை அரைகுறையாக இருந்தால், அது ஒரு நட்டாக இருந்தாலும், அண்ணை ஸ்டியரிங்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். எல்லாம் சரியென்றால் அதைச் சமையலறைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். இன்ஜெனியேரே முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார், பிறகு ஒருநாள் கத்தினார், பிறகு பழகிவிட்டார். ஸ்டியரிங் வீட்டில் இருந்தால் கார் தயார். பிரான்காச்சோவில் இருந்தால் இல்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் விளங்கிய சட்டம் அது.

“முடியாத வேலை முடிஞ்ச மாதிரி நிக்கக் கூடாது, தங்கச்சி. அதுதான் ஆக்களைக் கொல்லுறது” என்பார்.

கார் மட்டும்தான் என்றில்லை. தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலில் ஓர் ஏணி ஆட்டம் கண்டிருந்தது. அண்ணை திருத்தித் தருகிறேன் என்று பொறுப்பெடுத்தார். அடுத்த கிழமை மாதா திருநாளுக்குத் தோரணம் கட்ட ஏணியைத் தூக்கினால் நடுவில் மூன்று படிகள் இல்லை. பசை இன்னும் காயவில்லையாம், யாராவது ஏறிவிடுவார்கள் என்ற பயத்தில் படிகளை அறைக்குக் கொண்டு போய்விட்டார். மன்னார் அக்கா ஒருத்தி, “இந்தாள் கலியாணம் கட்டினா தாலியிலை பாதியை வீட்டிலை வைச்சிட்டுத்தான் வருவார்” என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். அண்ணையும் சிரித்தார். ஆனால் அன்று தோரணம் கட்டி முடியும்வரை அவர் ஏணிக்குக் கீழேயே நின்றார். ஏணி வேறு, கடன் வாங்கிய ஏணி, ஒரு குறையும் இல்லாதது. அப்படியும் நின்றார்.

எனக்கு இந்தப் பழக்கம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தராசு நாள் வரும்வரை.

காரைப் பூட்டிய பிறகு அதன் பாரத்தை நாலு சில்லுக்கும் சரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். ஒவ்வொரு சில்லுக்கும் மேலே ஒரு சுருள் வில்; அதற்குக் கீழே ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் பாரம் ஒரு சில்லிலிருந்து இன்னொரு சில்லுக்குப் போகும். குறுக்காகப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடுகிற நேரம் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சாதாரணக் காருக்கு இது பெரிய விஷயமில்லை. இவ்வளவு பாரக்குறைவான காருக்கு உயிர் போகிற விஷயம் என்றார். அதற்கென்று உள்ள தராசு பெரிய கராஜ்களில்தான் இருக்கும். அண்ணை குளியலறைத் தராசு போதும் என்று கண்டுபிடித்தார். ஆனால் ஒரு தராசு ஒரு சில்லைத் தாங்காது. ஒரு சில்லுக்கு இரண்டு வைத்து மேலே பலகை போட வேண்டும். ஆக எட்டுத் தராசு.

எட்டுத் தராசுக்கு எங்கே போவது? சனிக்கிழமை வேலை முடித்து வரும்போது எங்கள் பெண்கள் ஆளுக்கொன்றாகத் தங்கள் சின்யோராமாரின், அதாவது வேலை செய்கிற வீட்டு எசமானிகளின், குளியலறையிலிருந்து துணிப் பையில் கொண்டு வந்தார்கள். கபோ சந்தைக்குப் பின்னால் இருந்த மொரீசியஸ்காரி ஒருத்திகூட, தமிழ் பாதியும் பிரெஞ்சு பாதியுமாய்க் கேள்வி கேட்டுவிட்டு, ஒன்று தந்தாள். திங்கள் காலை சின்யோரா எழும்ப முன் தராசு அதன் இடத்தில் இருக்க வேண்டும். அண்ணை ஐம்பது கிலோ சீமெந்துப் பையை ஒவ்வொன்றிலும் ஏற்றிப் பார்த்தார். ஆறு தராசுகள் இரண்டு கிலோ குறைத்துக் காட்டின. சின்யோராமார் தாங்களே திருகி வைத்திருந்தார்கள். அண்ணைக்குப் பொய்த் தராசைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் திருத்தித்தான் அனுப்பினார். அந்தத் திங்கட்கிழமை பலெர்மோவில் ஆறு சின்யோராமார் ஒரே நாளில் இரண்டு கிலோ கூடினார்கள். எங்கள் சமையலில் எண்ணெய் அதிகம் என்று ஆறு வீட்டில் ஏச்சு விழுந்தது.

அந்த ஞாயிறு என்னைக் காரில் இருத்தினார். ஓட்டுகிறவரின் பாரமும் இருந்தால்தான் கணக்குச் சரிவருமாம். இன்ஜெனியேரே சின்ன மனிதர், ஐம்பத்தாறு கிலோ. நான் ஐம்பத்துநாலு. மடியில் இரண்டு கிலோ மண்டரீனை வைத்து என்னை இன்ஜெனியேரே ஆக்கினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கை. முன்னால் நீண்ட மூக்கு. கால்மாட்டில் மெல்லிய தகடு. தட்டினால் தகரப் பேணி மாதிரிச் சத்தம் வரும். மனிதர்கள் இதில் ஏறி மணிக்கு நூறு மைல் ஓடுவார்களா என்று நினைத்ததும் இருக்கையில் நெளிந்தேன்.

அண்ணை காருக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு செருப்பு மட்டும்.

“பயமோ?” என்று கீழேயிருந்து கேட்டார்.

“ஓம் அண்ணை.”

“நல்லது. பயம் இருக்கிற ஆளுக்குத்தான் உதிலை இருக்கத் தகுதி. அசையாதையும்.”

அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னார். என் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஸ்பனரைத் திருகிக்கொண்டே, இடைக்கிடை நிறுத்தி, தராசு எத்தனை காட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு வீட்டோடு ஒரு கராஜ் இருந்தது. பெற்றோல் வராத காலம். மண்ணெண்ணெயில் வான் வண்டியை ஓட வைக்கத் தெரிந்த சில பேரில் அவரும் ஒருவர். ஒருநாள் காலை ஒரு வானின் பின் சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். நட்டுகளைக் கையால் மட்டும் திருகி, ஜாக்கியை இறக்கிய நேரம் ஆமி ஹெலிகொப்டர் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் ஓடினார்கள். வெளியே வந்து பார்த்தால் வானைக் காணவில்லை. பக்கத்து ஒழுங்கையில் காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு யாரோ ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போய்விட்டார்கள்.

“ஜாக்கியும் இல்லை, சில்லும் இருக்கு. பாக்கிற ஆளுக்கு வான் முடிஞ்ச மாதிரித்தானே நிண்டது” என்றார். “வளைவிலை சில்லு கழண்டிட்டுது.”

உள்ளே யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிறகு, “தங்கச்சி, நடுங்காதையும். தராசு முள்ளெல்லாம் ஆடுது” என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பையைப் பார்த்து நான் சிரித்ததில்லை. அவருடைய பயம் எனக்கும் தொற்றிவிட்டது. காரின் அருகே போகும்போதெல்லாம் சமையலறைக் கதவு ஆணியைத்தான் முதலில் பார்ப்பேன்.

எனக்கென்று வேறொரு பயமும் இருந்தது. என் கணவரும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். மகளை நான் விட்டு வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. அவர்களை இத்தாலிக்குக் கூப்பிட, எனக்கு நிரந்தர வேலையும் தங்க இடமும் இருக்கிறது என்று இன்ஜெனியேரே ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் எழுதியாயிற்று. கையெழுத்துத்தான் பாக்கி. ஒரு ஞாயிறு விருந்தாளிகள் வருகிறார்கள் நில் என்றபோது, பூசைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு ‘இல்லை’க்குக் கடிதம் ஒரு மாதம் பிந்தியது. அவர் கெட்டவர் அல்ல. ‘இல்லை’ என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவருடைய பேனை மேசையில் இருந்தால் அதைத் தொடாமல் சுற்றித்தான் துடைப்பேன்.

ஈஸ்ரருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை வந்தது. அண்ணை தன் வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள். முன்பொரு தடவை ஸ்டியரிங்கோடு அங்கே போனபோது, வாசலில் நின்ற பொலிஸ்காரன் பையைப் பிரித்துப் பார்த்து, திருட்டுக் காரா என்று கேட்டு இரண்டு மணித்தியாலம் அவரை ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருந்தான். அந்தப் பயத்தில் இந்தத் தடவை காலையிலேயே சியாகுல்லிக்கு வந்து பையை என்னிடம் தந்தார்.

“இடப்பக்க முன் சில்லைத் திருப்புற கம்பி இருக்கெல்லே, அதின்ரை நட்டைக் கையாலைதான் திருகி விட்டிருக்கிறன். நட்டு கழண்டு போகாமல் குத்துற ஊசி முறிஞ்சு போச்சு. ரவுணிலை வாங்கிக்கொண்டு வாறன். அதுவரைக்கும் இதை ஆருக்கும் குடாதையும்.”

“ஆர் அண்ணை கேக்கப் போயினம்? மகள் வீட்டை போன இன்ஜெனியேரே ஈஸ்ரருக்குத்தானே வருவார்.”

“கேட்டாலும் குடாதையும்” என்றார். பஸ்ஸுக்கு ஓடினவர் கேற்றடியில் திரும்பி நின்று இன்னொரு தடவை என்னைப் பார்த்தார். வெறுங்கையோடு அவர் நடந்து போனது என்னமோ மாதிரி இருந்தது.

பையை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு சமையலறையைக் கழுவ வேண்டியிருந்தது. வாளியை நகர்த்திப் பையை மேசையில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. பதினொரு மணிக்கு வாசலில் கார்ச் சத்தம். இன்ஜெனியேரே, அவருடைய மகள், ஏழு வயதுப் பேத்தி. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டாயிற்றாம், மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் வந்தார். மேசையைப் பார்த்தார். பையைத் திறந்தார். அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி மலர்ந்தது.

“முடித்துவிட்டானா?” என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “உன் கடிதமும் கொண்டு வந்திருக்கிறேன். சின்னவளை ஒரு சுற்றுக் கூட்டிப் போய்விட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.”

‘இல்லை, முடியவில்லை’ என்று சொல்ல எனக்கு இத்தாலியனில் சொல்லில்லாமல் இல்லை. வாய் திறந்தது. வெளியே வந்தது, “முடிந்துவிட்டது.”

எத்தனை தடவை யோசித்தாலும் அதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது. பயம்தான். கடிதம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

அவர் ஸ்டியரிங்கைத் தானே மாட்டினார். என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது. கராஜ் முழுக்க அதிர்ந்தது. பேத்தி குதித்துக்கொண்டு இடப்பக்க இருக்கைக்கு ஓடினாள். ஆங்கிலேயர் கார் என்பதால் ஓட்டுகிற இருக்கை வலப்பக்கம். குழந்தை இருக்கப் போகிற இடத்துக்கு நேர் முன்னால், அந்தச் சில்லு. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

இன்ஜெனியேரே தனியாகப் போயிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிள்ளை ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்ததும் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். அப்போதும் உண்மை வரவில்லை. வேறொரு பொய்தான் வந்தது. காரை அண்ணை என் பாரத்துக்குத்தான் அளந்து வைத்திருக்கிறார், குழந்தையின் பாரம் போதாது, முதல் ஓட்டத்துக்கு நான்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். எஞ்சினியர் இல்லையா, பாரக் கணக்கு என்றதும் தலையாட்டினார். பிள்ளை அழுதது. தாய் அதைத் தூக்கிக்கொண்டாள். நான் ஏப்ரனோடு ஏறி உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்வதைவிட அந்தக் காரில் ஏறுவது எனக்கு லேசாக இருந்தது. அப்படியொரு பயந்தாங்கொள்ளி நான்.

தோட்டத்து மதில்களுக்கு நடுவே ஒடுக்கமான இறக்கம். முதல் வளைவு மெதுவாக. இரண்டாவது வளைவில் அவர் சிரித்தார். காற்று கண்ணில் அடித்தது. தகட்டுக்குக் கீழே ரோட்டு ஓடுவது காலில் தெரிந்தது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர என் வாயில் வேறொன்றுமில்லை. மெதுவாகப் போகச் சொல்லலாம் என்று திரும்பினால், என்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. இடப்பக்கம், முன்னால். டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டக், டக். அந்தக் காரில் எத்தனை மணித்தியாலம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், அதன் சத்தமெல்லாம் எனக்குத் தெரியும். இது புதுச் சத்தம். இன்ஜெனியேரேயின் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை முன்னைவிடக் கூடத் திருப்புகிறார், கார் முன்னைவிடக் குறையத் திரும்புகிறது. அவருக்கு அது இன்னும் விளங்கவில்லை.

“நிப்பாட்டுங்கோ!” என்று தமிழில்தான் கத்தினேன். அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், என் முகத்தில் என்ன கண்டாரோ, பிரேக்கை மிதித்தார்.

கார் நேராக நிற்கவில்லை. இடது சில்லு தன் பாட்டில் வெளியே திரும்பிக்கொண்டது. மதில் எங்களை நோக்கி வந்தது. தகடு கிழிகிற சத்தம், கல், தூசி, பிறகு ஒரே அமைதி. மதிலுக்கு மேலாலே பழங்கள் சில மடியில் வந்து விழுந்தன. இன்ஜெனியேரேயின் நெற்றியில் இரத்தம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. காரின் முன் சில்லு இரண்டும் இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

பத்து மீற்றருக்கு அப்பால் அந்த ரோட்டில் மதில் முடிகிறது. அதற்குப் பிறகு பள்ளம்தான்.

அண்ணை மூன்று மணி பஸ்ஸில் வந்தார். சட்டைப் பையில் சின்னக் கடதாசிப் பொட்டலம், அதற்குள் ஊசி. கேற்றடியில் வைத்தே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கடிதத்தைப் பற்றியும். அவர் இறக்கத்தில் நடந்து போனார். நான் பின்னால் போனேன். ரோட்டில் குனிந்து குனிந்து தேடி நட்டைக் கண்டெடுத்தார். பிறகு காருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தார். சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“பிள்ளை ஏறேல்லைத்தானே?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை. நான்தான் ஏறினனான்.”

“ஏறேல்லைத்தானே?” என்று திரும்பவும் கேட்டார். எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார், பேத்தியையா, அந்த வானில் போன யாரையாவதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிள்ளை ஏறவில்லை, ஏறவில்லை என்று அவர் எழும்பும்வரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்ஜெனியேரே நெற்றியில் கட்டோடு சாப்பாட்டு மேசையில் இருந்தார். கடிதமும் பேனையும் அவருக்கு முன்னால். அவருடைய மகள் சுவரோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. என் பிள்ளையை அதில் ஏற்ற இருந்தீர்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. உண்மைதானே.

“ஸ்டியரிங் வீட்டில் இருந்தால் கார் தயார் என்பது உன் சட்டம்” என்றார் இன்ஜெனியேரே. குரல் உயரவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. “முடிந்ததென்று இவள் சொன்னாள். இவளிடம் முடிந்ததென்று நீ சொன்னாயா?”

அண்ணை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இவ்வளவு காலத்துக்கு வலித்திருக்காது. பிறகு மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தார்.

“ஓம். நான்தான் சொன்னேன்” என்றார், தன் உடைந்த இத்தாலியனில், சொல் சொல்லாக. “வேலை முடிந்தது என்று சொல்லி நான்தான் குடுத்தேன். ஊசி போட மறந்துவிட்டேன்.”

தன்னைப் பற்றி எவரும் இனி ஒருநாளும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்று பயந்து, பயந்து, பையைத் தூக்கிக்கொண்டு இந்த நகரமெல்லாம் திரிந்த மனிதர் அவர்.

“அப்படியா?” என்று இன்ஜெனியேரே என்னிடம் கேட்டார்.

நான் ஆம் என்றேன்.

அவர் அண்ணையை வாசலைக் காட்டிப் போகச் சொன்னார். வேலை இல்லாதவருக்குப் பெர்மெசோ இல்லை. அன்று காலை குவெஸ்தூராவில் வாங்கிய துண்டு ஒன்றுக்கும் உதவவில்லை என்றும், அறைக்காரர்களுக்குக்கூடச் சொல்லாமல் வடக்கே எங்கேயோ போய்விட்டார் என்றும் பிறகுதான் கேள்விப்பட்டேன். ஜெர்மனியில் கண்டதாக ஒருவர் சொன்னார், இல்லை வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். என் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. மகள் ஒக்டோபரில் வந்து இறங்கினாள். இப்போது அவள் பலெர்மோக்காரி, கையை ஆட்டி ஆட்டிச் சிசிலிக்காரர் மாதிரிக் கதைக்கிறாள். அவள் எப்படி இங்கே வந்தாள் என்ற கதையில் இந்தப் பகுதியை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.

அன்று அவர் போகும்போது கேற்றடி வரை பின்னால் ஓடினேன். மன்னித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லத்தான் ஓடினேன், சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

“தங்கச்சி, அடுப்பிலை என்னத்தையோ வைச்சிட்டு வந்திட்டீர். அடிப்பிடிக்குது. போய் நிப்பாட்டும்” என்றார்.

ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். திரும்பி வந்து பார்த்தபோது பஸ் போய்விட்டது.